காரணத்தைச் சொல்லும் உரிமை

2011 ஜூலை 22ஆம் தேதி நார்வேயில் நடந்ததைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு பக்கம் போகும். கொலைகாரனின் மனத்துக்குள் என்ன இருந்தது என்பது ஒன்று. அவ்வளவு பெரிய கொடுமைக்குப் பூக்களோடு தெருவுக்கு வந்து பதில் சொன்ன மக்களின் பெருந்தன்மை மற்றொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில், உத்தோயா தீவிலிருந்து உயிரோடு கரை சேர்ந்த 495 பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அப்போது பதின்வயதுப் பிள்ளைகள், அல்லது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளை அவர்கள் எப்படிக் கடந்தார்கள், நாடு அவர்களுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கத் தயங்கியது என்று பார்க்கும்போது, வன்முறைக்குத் தப்பிய இளைஞர்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் பல எண்ணங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு ஆறுதல் வேண்டும், சிகிச்சை வேண்டும், காலம் வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வோம். தங்களுக்கு இது ஏன் நேர்ந்தது என்பதைப் பொதுவெளியில் சொல்லவும், சொன்னதற்காகத் தண்டிக்கப்படாமல் இருக்கவும் அவர்களுக்கு இடம் வேண்டும் என்பதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அந்த இடம் இல்லாத ஆறுதல் பாதி ஆறுதல்தான் என்பது என் வாதம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அன்று பிற்பகல் 3.25க்கு ஆஸ்லோவின் அரசு அலுவலக வளாகத்தில் வேனில் வைத்த குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள், குண்டு வைத்தவனே போலீஸ் சீருடை அணிந்து, தலைநகருக்கு வடமேற்கே ஓர் ஏரியில் இருக்கும் உத்தோயா தீவுக்குப் படகில் போய் இறங்கினான். அங்கே தொழிற்கட்சியின் இளைஞர் அமைப்பான ஏயூஎஃபின் கோடை முகாம் நடந்துகொண்டிருந்தது. 1950இல் தொழிற்சங்கங்கள் இளைஞர்களுக்குப் பரிசாகக் கொடுத்த தீவு அது. மூன்று முறை பிரதமராக இருந்த க்ரோ ஹார்லெம் ப்ருண்ட்லாண்ட் அன்று காலை அங்கே பேசிவிட்டுப் போயிருந்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீடித்த துப்பாக்கிச் சூட்டில் 69 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். தப்பியவர்கள் பாறை இடுக்குகளில் ஒளிந்தார்கள், இறந்ததுபோல் கிடந்தார்கள், குளிர்ந்த நீரில் நீந்தினார்கள். எதிர்க்கரையில் கூடாரமடித்திருந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவிலேயே படகுகளை எடுத்துவந்து அவர்களை ஏற்றிக்கொண்டார்கள். கொலைகாரன் தன் நோக்கத்தை மறைக்கவில்லை. பல இன மக்கள் சேர்ந்து வாழும் நார்வேயைத் தொழிற்கட்சி உருவாக்குகிறது, முஸ்லிம்களுக்கு நாட்டைத் திறந்துவிடுகிறது, ஆகவே அதன் அடுத்த தலைமுறையை அழிக்க வேண்டும் என்று எழுதியும் வைத்திருந்தான், நீதிமன்றத்திலும் சொன்னான். அந்தப் பிள்ளைகள் தற்செயலாக அங்கே மாட்டிக்கொண்டவர்கள் அல்லர். எதை நம்பினார்கள் என்பதற்காகக் குறிவைக்கப்பட்டவர்கள். இதை மறந்துவிட்டால் பின்னால் வருகிற எதுவும் புரியாது.

பிழைத்தவர்களைக் கவனித்துக்கொள்வதில் நார்வே செய்த ஒரு காரியத்தை இன்னும் பல நாடுகள் கற்றுக்கொள்ளவில்லை. பொதுவாக உதவி ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும். தேவைப்படுகிறவர்கள் தேடிவர வேண்டும். மனம் உடைந்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளை தேடி வராது. வந்தாலும், இறந்துபோன நண்பனோடு ஒப்பிட்டுத் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். எனவே நார்வேயின் சுகாதாரத் துறை ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றியது. பிழைத்த ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நகராட்சி ஒரு தொடர்பாளரை நியமிக்க வேண்டும். அந்த ஆள் தானாகவே போய்ப் பார்க்க வேண்டும், மறுத்தால் சில வாரம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும், குறைந்தது ஓராண்டாவது விடாமல் தொடர வேண்டும். முகாமுக்கு வந்தவர்கள் நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் என்பதால் ஏதோ ஒரு தொலைதூரச் சிற்றூரின் ஒரே மருத்துவர்கூட இதில் பங்கேற்க வேண்டியிருந்தது. நான்கைந்து மாதங்கள் கழித்து நார்வேயின் வன்முறை, மன அதிர்ச்சி ஆய்வு மையம் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அவர்கள் வீட்டுக்கே போய் நேர்காணல் செய்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேரிடம் கவனிக்கப்பட வேண்டிய அளவுக்கு அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. அதே ஆய்வாளர்கள் பின்வந்த ஆண்டுகளிலும் திரும்பத் திரும்பப் போனார்கள். எட்டாண்டுகளுக்குப் பிறகும் கணிசமானவர்கள் தூக்கமின்மையோடும் தலைவலியோடும் பதற்றத்தோடும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

கவனிப்பு இவ்வளவு இருந்தும் இப்படியா என்று கேட்கலாம். கவனிப்பு எங்கே நின்றுபோனது என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளியைப் பற்றிய ஆய்வுகள் வேதனையானவை. சம்பவம் நடந்த அடுத்த கல்வியாண்டில் மதிப்பெண் குறைந்தது, வராத நாட்கள் கூடின. இரவெல்லாம் தூங்காத ஒருவனால் காலை எட்டு மணிக்குக் கணக்குப் பாடத்தைக் கேட்க முடியாது என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய மருத்துவ அறிவு தேவையில்லை. சில பள்ளிகள் தேர்வுகளைத் தள்ளிவைத்தன, பாடச் சுமையைக் குறைத்தன, தனி அறை கொடுத்தன. வேறு சில பள்ளிகளில் முதல் சில வாரங்களின் பரிவு கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துபோனது. பெரியவர்களின் நாட்காட்டியில் ஒரு துயரத்துக்கு ஒதுக்கப்படும் காலம் ஒன்று, பதினேழு வயது உடம்பில் அது தங்கும் காலம் வேறு. ஓராண்டு என்று வகுத்த தொடர்பாளர் திட்டமும் இங்கேதான் தடுக்கியது. பலருக்குச் சிக்கல்கள் முழுதாக வெளிப்படத் தொடங்கியதே, எல்லோரும் கிளம்பிப்போன பிறகுதான்.

மருத்துவத்துக்கு வெளியே அந்த இளைஞர்களைத் தாங்கியது அவர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்திருந்தது. 2011 ஆகஸ்டிலேயே, ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களையும் பிழைத்தவர்களையும் அரசு தீவுக்கு அழைத்துப்போனது. கேட்கும்போது கொடூரமாகத் தோன்றலாம். போனவர்களில் பலருக்கு அது உதவியதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. தான் ஒளிந்த இடம் எவ்வளவு சிறியது, நீந்திய தூரம் எவ்வளவு, நண்பன் விழுந்த இடம் எது என்று அறிந்துகொண்டார்கள். கனவில் எல்லையில்லாமல் விரிந்த இடம் இருபத்தாறு ஏக்கர் நிலமாகச் சுருங்கியது. ஏயூஎஃபின் அன்றைய தலைவர் எஸ்கில் பெடர்சன், உத்தோயாவை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று முதல் நாட்களிலேயே அறிவித்தார். அது எளிதாக நடக்கவில்லை. 13 பேர் கொல்லப்பட்ட சிற்றுண்டிக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற முதல் திட்டத்தைப் பிள்ளைகளை இழந்த பெற்றோர் பலர் எதிர்த்தார்கள். தங்கள் மகள் கடைசியாக மூச்சுவிட்ட இடத்தில் இன்னொருவர் பிள்ளை கிதார் வாசிப்பதா என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்விக்கு முன்னால் யாரும் வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். இறுதியில் அமைப்பினர் அவசரப்படாமல் ஒவ்வொரு குடும்பத்தோடும் பேசினார்கள். அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியை அப்படியே நிறுத்தி, அதைச் சுற்றி ஒரு கற்றல் இல்லத்தைக் கட்டினார்கள். உள்ளே கூரையைத் தாங்க 69 தூண்கள், வெளியே உயிர் பிழைத்தவர்களுக்காக 495 மரத் தூண்கள். 2015 ஆகஸ்டில் ஆயிரம் பேர் வந்து கோடை முகாம் மறுபடி நடந்தது. நினைவுச் சின்னமாக மட்டும் உறைந்துபோகாமல் அந்தத் தீவு மறுபடி அரசியல் பேசும் இடமானது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால், தீவுக்கு வெளியே அரசியல் பேசுவது அவர்களுக்குக் கடினமாக்கப்பட்டிருந்தது. 2011 ஜூலை 25 அன்று ஆஸ்லோவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் ரோஜாக்களோடு திரண்டார்கள். ஐம்பது லட்சம் மக்கள்தொகை கொண்ட நாட்டில் அது எவ்வளவு பெரிய கூட்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டென்பெர்க் இன்னும் அதிக ஜனநாயகம், இன்னும் அதிகத் திறந்த மனம், இன்னும் அதிக மனிதநேயம் என்று பதில் சொன்னார். பழிவாங்கல் பேச்சு எங்கும் இல்லை. அந்தக் கணத்தின் மேன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒற்றுமைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. தாக்கப்பட்டது நார்வே, நாம் எல்லோரும் தாக்கப்பட்டோம் என்று சொன்னால்தான் எல்லோரும் ஒன்றாக நிற்க முடியும். தாக்கப்பட்டது ஒரு குறிப்பிட்ட கட்சியின் இளைஞர்கள், ஒரு குறிப்பிட்ட கருத்துக்காக என்று சொன்னால், அந்தக் கருத்தை வெறுக்கிறவர்களுக்குக் கூட்டத்தில் நிற்கச் சங்கடமாக இருக்கும். எனவே கொலை மெல்ல மெல்ல ஓர் இயற்கைப் பேரிடர்போலப் பேசப்பட்டது. நாடு துயரத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. துயரத்தின் காரணத்தை அந்தப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டது.

இதற்கு அரசின் விசாரணைகளே சாட்சி. தாக்குதலை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையம் 2012 ஆகஸ்ட் 13 அன்று வெளியிட்ட அறிக்கை போலீஸின் தாமதத்தையும் பாதுகாப்புக் குறைபாடுகளையும் தயவு தாட்சண்யமின்றிச் சொன்னது. தன் தவறை இப்படி ஒப்புக்கொள்ளும் அரசுகள் அதிகமில்லை. ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் பாதுகாப்பின்மேல் இருந்தது, காரணத்தின்மேல் அல்ல. நீதிமன்றத்திலோ பெரும்பகுதி நேரம் குற்றவாளியின் மனநலத்தைப் பற்றிய வாதத்தில் போனது. முதல் மருத்துவக் குழு அவனை மனநோயாளி என்றது, இரண்டாவது குழு மறுத்தது. பிழைத்தவர்களில் பலர் முதல் முடிவைக் கேட்டுக் கொதித்தார்கள். தண்டனை குறைந்துவிடும் என்பது அவர்களது முதன்மையான கவலையாக இல்லை. ஒரு மனிதன் பல ஆண்டுகள் படித்து, எழுதி, திட்டமிட்டுச் செய்த அரசியல் கொலையை வெறும் நோயின் விளைவு என்று எழுதி மூடிவிட்டால், தங்கள் நண்பர்கள் எதற்காக இறந்தார்கள் என்ற கேள்விக்கே பதில் இல்லாமல் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2012 ஆகஸ்ட் 24 அன்று அவன் சித்த சுவாதீனத்தோடுதான் செய்தான் என்று நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்து, 21 ஆண்டு தடுப்புக்காவல் விதித்தபோது அவர்கள் அடைந்த நிம்மதியைத் தண்டனையின் அளவால் விளக்க முடியாது. நடந்ததற்கு அதன் பெயர் கிடைத்தது. மனநலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நிம்மதியையும் மருந்துகளின் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நீதிமன்றம் கொடுத்ததைப் பொதுவெளி கொடுக்கவில்லை. ஏயூஎஃப் இளைஞர்கள் குடியேறிகளுக்கு எதிரான வெறுப்புப் பேச்சைக் கண்டிக்கும்போதெல்லாம் 'ஜூலை 22 சீட்டை இறக்குகிறார்கள்' என்ற ஏச்சு வந்தது. அனுதாபத்தை அரசியல் ஆதாயமாக மாற்றுகிறார்கள் என்று அதற்குப் பொருள். குண்டடிபட்ட ஒருவரைப் பார்த்து, உன்னை ஏன் சுட்டார்கள் என்பதை மட்டும் சொல்லாதே என்பது எவ்வளவு கொடிய கோரிக்கை! 2018 மார்ச் 9 அன்று, உத்தோயாவைப் பற்றிய எரிக் போப்பேயின் திரைப்படம் நார்வேத் திரையரங்குகளுக்கு வந்த அதே நாளில், நீதித் துறை அமைச்சர் சில்வி லிஸ்தாக், நாட்டின் பாதுகாப்பைவிடப் பயங்கரவாதிகளின் உரிமைதான் தொழிற்கட்சிக்கு முக்கியம் என்று முகநூலில் எழுதினார். அந்தக் கட்சியின் பிள்ளைகள்தாம் நாட்டின் மிகப் பெரிய பயங்கரவாதத் தாக்குதலில் கொல்லப்பட்டவர்கள். கண்டனம் வலுத்து, மார்ச் 20 அன்று அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் அவரை எதிர்த்துப் பேசிய பிழைத்தவர்கள்மீது வெறுப்பு கொட்டியது. பின்னர் நடந்த ஆய்வில், உத்தோயாவில் பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வெறுப்புச் செய்திகளோ மிரட்டலோ பெற்றிருந்தது தெரியவந்தது. அவன் உன்னைத் தவறவிட்டிருக்கக் கூடாது என்ற பாணியில் எழுதப்பட்டவை அவற்றில் உண்டு. துப்பாக்கி ஓய்ந்த பிறகும் குறி நீக்கப்படவில்லை என்று அந்த இளைஞர்கள் உணர்ந்தால், அதை நோயின் அறிகுறி என்று எந்த மருத்துவர் சொல்வார்?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அது நியாயமானதும்கூட. அடிபட்ட மனத்தை அரசியல் மேடையில் ஏற்றுவது புண்ணைக் கிளறுவதாகாதா? நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது கெடுதி என்பதைத்தானே மருத்துவமும் கண்டிருக்கிறது? கண்டிருக்கிறது. பேரதிர்ச்சிக்குப் பின் உடனடியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே அமர்வில் கொட்டச் சொல்லும் பழைய முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாமென்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை கட்டாயத்தைப் பற்றியது. பேச விரும்பாத பிள்ளையைப் பேசவைப்பதும், பேச விரும்பும் பிள்ளையின் வாயை மூடுவதும் ஒரே தவறின் இரு முகங்கள். இரண்டிலும் பேச்சின் கட்டுப்பாடு பாதிக்கப்பட்டவரின் கையில் இல்லை. மேலும், நான் சொல்வது ரத்தத்தையும் ஓட்டத்தையும் விவரிப்பதை அல்ல. அதைத்தான் உலகம் அவர்களிடம் ஓயாமல் கேட்டது. எத்தனை மணி நேரம் ஒளிந்திருந்தாய், எத்தனை குண்டுச் சத்தம் கேட்டாய் என்று கேட்ட நிருபர்கள், அவன் ஏன் உங்களை வெறுத்தான், அந்த வெறுப்பு இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டது குறைவு. மனத்தை வதைக்கிற விவரிப்புக்கு மேடை கிடைத்தது, மனத்தை நிமிர்த்துகிற விளக்கத்துக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு எதிர்வாதம் ஸ்டோல்டென்பெர்க்கின் தரப்பிலிருந்து வரக்கூடியது. அவர் பிரதமர் மட்டுமல்லர், தாக்கப்பட்ட கட்சியின் தலைவர். இளமையிலிருந்தே உத்தோயா முகாமுக்குப் போய்வந்தவர். அடுத்த நாள் அங்கே பேசவிருந்தவர். செப்டம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வேறு இருந்தது. அந்த நிலையில் அவர், இது என் கட்சிமீதான தாக்குதல் என்று முழங்கியிருந்தால், கொலைகாரன் முன்பு உறுப்பினராக இருந்த முன்னேற்றக் கட்சியைக் கைகாட்டியிருந்தால், நாடு பிளந்திருக்கும். அந்தக் கட்சிக்கு இந்தக் கொலைகளில் எந்தப் பங்கும் இல்லை. எனவே அந்த ஜூலையில் அவர் அடக்கமாகப் பேசியதை நான் குறைசொல்ல மாட்டேன். முதல் வாரத்தின் அடக்கம் பத்தாண்டு வழக்கமாக இறுகியதுதான் சிக்கல். 2019 ஆகஸ்டில் ஆஸ்லோவை அடுத்த பேரூமில், ஓர் இளைஞன் சீனாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட தன் மாற்றாந்தாய் வழித் தங்கையைக் கொன்றுவிட்டு, மசூதிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தான். உள்ளே இருந்த முதியவர்கள் அவனை மடக்கிப் பிடித்ததால் அங்கே உயிரிழப்பு நேரவில்லை. 2011இல் அவன் பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுவன். ரோஜா ஊர்வலங்களுக்கு நடுவில், உத்தோயாவுக்குப் போன பிள்ளைகளின் வயதையொத்து வளர்ந்தவன். அதன் பிறகும் 2021இல், பத்தாம் ஆண்டு நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்பு, நவநாஜிகளால் 2001இல் கொல்லப்பட்ட ஒரு கறுப்பினச் சிறுவனின் நினைவுச் சின்னத்தில் உத்தோயாக் கொலைகாரனைப் புகழ்ந்து கிறுக்கியிருந்தார்கள். காரணத்தைப் பேசாமல் விட்டால் காரணம் போய்விடாது. அது தன் பாட்டுக்குப் புதிய ஆட்களைத் தேடிக்கொள்ளும். பத்தாம் ஆண்டில், தானும் அன்று அங்கே இருந்தவரான ஏயூஎஃப் தலைவர் ஆஸ்த்ரித் ஹோயம், கொலைகாரனைப் பிடித்தோம், ஆனால் அவனை உருவாக்கிய சிந்தனையோடு இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். பிழைத்தவர்கள் முப்பதை நெருங்கிய பிறகுதான் அந்தக் குரலுக்கு நாட்டின் மைய அரங்கில் காது கிடைத்தது.

நார்வே பணக்கார நாடு, அதன் அனுபவம் பிறருக்கு எப்படிப் பொருந்தும் என்றும் கேட்பார்கள். தொடர்பாளர் ஏற்பாட்டுக்குத் தேவைப்பட்டது பெரும் பணமல்ல. இந்தப் பிள்ளைக்கு இந்த ஆள் பொறுப்பு என்று பெயர் எழுதிவைக்கும் நிர்வாக ஒழுங்கு. தவிர, பணக்கார நாட்டுக்குள்ளும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தொலைவில் நிற்கவில்லை. சிறுபான்மை இனப் பின்னணி கொண்டவர்களிடம் அதிர்ச்சியின் அறிகுறிகள் கூடுதலாக இருந்ததை முதல் ஆய்வே காட்டியது. வியப்பதற்கு ஒன்றுமில்லை. கொலைகாரனின் எழுத்தில் அவர்கள் இரட்டைக் குற்றவாளிகள், கட்சியாலும் பிறப்பாலும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் பெற்றோருடன் அகதியாக நார்வேக்குப் போன ஹம்சாயினி குணரத்தினம் அன்று தீவிலிருந்து நீந்தித் தப்பியவர்களில் ஒருவர். ஒரு போரை விட்டு வந்த குடும்பத்தின் பெண்ணுக்கு, பாதுகாப்பானது என்று நம்பிய நாட்டின் ஏரியில் இது நேர்ந்தது. அவர் ஒதுங்கவில்லை. 2015இல் ஆஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு அமைந்த அமைச்சரவையில் உத்தோயாவில் பிழைத்த தூனியே ப்ரென்னா கல்வி அமைச்சரானார். இவர்களைச் சாதனையாளர்களாக மட்டும் காட்டிவிட்டு, படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் இன்றும் கூட்டமான பேருந்தில் ஏற முடியாதவர்களையும் மறந்துவிடக் கூடாது. எழுந்து நின்றவர்களின் வெற்றி, எழ முடியாதவர்கள்மீது சாட்டப்படும் குற்றமாக மாறிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆனாலும் இந்த இருவரும் எந்த வேலைக்குத் திரும்பினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. எதற்காகக் குறிவைக்கப்பட்டார்களோ அதே வேலைக்கு.

இப்போது உத்தோயா முகாமுக்கு வரும் இளையவர்களுக்கு 2011 நினைவில்லை. சிலர் அப்போது பிறக்கவே இல்லை. ஆஸ்லோவின் அரசு வளாகத்தில் 2015இல் தொடங்கப்பட்ட ஜூலை 22 மையத்துக்குப் பள்ளி வகுப்புகள் வந்துபோகின்றன. குண்டு வைத்த வேனின் சிதைந்த பாகங்கள் அங்கே உள்ளன. பிழைத்தவர்கள் பலர் அங்கும் பள்ளிகளிலும் மாணவர்கள் முன் பேசியிருக்கிறார்கள். முப்பதுகளில் இருக்கும் அவர்களுக்கு இப்போது வேலை இருக்கிறது, சிலருக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். எத்தனை காலம் அவர்களே வந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? இனவெறி எப்படி ஒரு மனிதனைத் துப்பாக்கி எடுக்கவைக்கிறது என்பதை விளக்கத் தண்ணீரில் நீந்தித் தப்பியிருக்க வேண்டிய அவசியமில்லை. வரலாற்று ஆசிரியர் விளக்கலாம், நாளிதழ் விளக்கலாம், எதிர்க்கட்சிக்காரரும் விளக்கலாம். அவர்கள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளாதவரை, காயம்பட்டவர்களே காயத்தின் ஆசிரியர்களாகவும் இருந்தாக வேண்டியிருக்கிறது, அதற்காக ஏச்சும் வாங்க வேண்டியிருக்கிறது. பேச இடம் கேட்டவர்களுக்கு, ஒரு நாள் மறுத்துவிட்டு வீட்டில் இருக்கவும் இடம் வேண்டும். அதை அவர்களுக்குத் தரக்கூடியவர்கள் அன்று அந்தத் தீவில் இல்லாதவர்கள்தான்.